பாயிடம் இருந்த சாவி

என் கணவர் தன் வண்டியை எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர். ஷிப்டு முழுக்க ஸ்பேனர் பிடித்த கை வீட்டிலும் சும்மா இருக்காது. மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குவார்ட்டர்ஸ் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்முக்குள் அடைந்திருக்கும் கரித்தூளைத் தட்டி, பிறை மாதிரி இருக்கும் இரண்டு பிரேக் ஷூவையும் எடுத்து உப்புத்தாளில் தேய்ப்பார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு என்னைக் கூப்பிடுவார். பிரேக் பெடலை மிதிப்பது என் வேலை. மிதி, விடு, மிதி என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்பார். அந்த நேரத்தில் அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்தாலும் நான் நகரக் கூடாது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவர் ஓட்டி நான் பின்னால் உட்கார்ந்து போன இத்தனை வருடத்தில், பிரேக்கை நினைத்து நான் ஒரு தடவையும் பயந்ததில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது ஆரம்பித்தது. ஆரம்பம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். நான் சாக்கை உதறி மடித்தபோது உள்ளேயிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் விழுந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். பழசு, தூக்கிப் போடு என்றார். பழசு என்றால் புதுசு வாங்கியிருக்க வேண்டுமே, எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாக்கை மறுபடி விரித்தார். சோறு ஆறிப் போனது. சாயங்காலம் வரை வாசலிலேயே இருந்தார். அன்றைக்குப் பெடலை மிதிக்க என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வருடம் இன்னும் சில நடந்தன. வேறு யாருடைய டிபன் கேரியரையோ எடுத்துக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன். வயசாகுதில்ல என்றார்கள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்து. வாசல் என்று ஒன்று கிடையாது. அவர் சந்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்தார். போகிற வருகிற சைக்கிளும் ஆட்டோவும் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. அப்படி ஒரு நாள் பிரேக்கைப் பார்த்தார். மறுநாள் காலையில் மீன் வாங்கப் போனவரை இரண்டு பேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முட்டியிலும் முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. பஸ் ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. இவர் பெடலை மிதித்திருக்கிறார், அது வெறுமனே கீழே போயிருக்கிறது. பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டியை விட்டதால் உயிர் தப்பினார். பிரேக் ராடைப் பிடித்திருக்கும் நட்டு இல்லை, ராடு கழன்று தொங்குகிறது என்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் சொன்னார்.

நான் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. "வண்டிய யாரோ தொட்டிருக்காங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

முந்தின நாள் அவர் போட்டிருந்த சட்டையை ஊறப் போடும்போது அதன் பையில் அந்த நட்டு கிடைத்தது. நான் அவரிடம் காட்டவில்லை. காட்டி என்ன ஆகப்போகிறது.

புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மறதி நோய், இனி குறையாது, கூடத்தான் செய்யும் என்றார். வண்டி ஓட்டவே கூடாது என்று அவரிடமே சொன்னார். இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வண்டிச் சாவி எங்கே என்று கேட்டார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன், பேசாம வித்துடும்மா என்று போனில் சொன்னான். போனில் சொல்வது சுலபம். அந்த வீட்டில் அவருடையது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதையும் நான் எப்படி விற்பேன்.

சாவியை ஒளித்து வைத்தேன். வீட்டையே புரட்டிப் போட்டார். என் தையல் மிஷின் டிராயரைக் கவிழ்த்தார், அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் தேடினார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அளவு கொடுக்க வந்திருந்த ஒரு பெண்ணிடம், "இவ என் சாவிய எடுத்து வித்துட்டா" என்றார். அந்தப் பெண் துணியை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பிறகு அவள் வரவில்லை. அன்றைக்கே சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் நிறுத்துகிற வரைக்கும் பிரேக்காவது பிடிக்கட்டும் என்று மெக்கானிக்கைத் தேட ஆரம்பித்தேன். முதல் கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, எவன் மாட்டினது இத, அவன் கையில விலங்கு போடணும் என்றார். இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கடையில் நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், கேட்காமலே எல்லாவற்றையும் கழற்றிப் புதுசு மாட்டியிருந்தார்கள். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் அன்னியன் கை பட்டுவிட்டது என்று வீட்டுக்கு வந்ததும் இவர் அதைப் பாதி கழற்றிப் போட்டார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. சந்தில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் போனால் என்னைத்தான் திட்டுவார்.

பாய் கடையை மளிகைக்கடைக்காரர்தான் சொன்னார். வடலூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சின்னக் கடை. அவருக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். முதலில் நான் மட்டும் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சி வந்தா கடையில ஆள் இருக்காதுங்க. அப்ப சார இட்டுகினு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பாய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு இவரை உட்கார வைத்தார். "நீங்க சொல்லிகினே இருங்க சார், நான் மாட்டுறேன்" என்றார். இவர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பாகச் சொன்ன இடத்தில் பாய் கையை நிறுத்தி, இப்படி வச்சுப் பாக்கலாமா சார் என்று சரியான இடத்தில் வைத்தார். இவர் ஆமாம் என்றார். கடைசியில் பாயே பெடலை மிதித்தார். இவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். பெடலை மிதிப்பது என் வேலையாக இருந்தது. நான் கடையின் ஓரமாக நின்றேன். திரும்பி வரும்போது, "இவன் வேலைக்காரன்" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

அடுத்த வாரம் நான் தனியாகப் போய்ப் பாயிடம் ஒன்று கேட்டேன். இஞ்சின் போய்விட்டது, இனி ஓடாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றேன். பாய் மாட்டேன் என்றார்.

"பொய் சொன்னா நாளைக்கே வந்து கிக்கர ஒதைப்பாரு, வண்டி ஸ்டார்ட் ஆயிடும். அப்பறம் என்னியும் நம்ப மாட்டாரும்மா. நேராவே சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. நேராகச் சொல்லித்தானே டாக்டரும் தோற்றார். ஆனால் வேறு வழியில்லை. மறுபடி வண்டியோடு அழைத்துப் போனேன். பாய் கையைத் துடைத்துவிட்டு இவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் ஓட்டக்கூடாது. உங்களுக்கு ஞாபகம் தவறுது. ரோட்டுல புள்ளைங்க போவுது" என்றார்.

இவர் வண்டியைப் பார்த்தார். எழுந்து என்னை அடிக்க வருவார் என்றுகூட நினைத்தேன். மெதுவாக, தனக்குள் கேட்பது போல, "எனக்கே தெரியுது பாய்" என்றார். பையிலிருந்து சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டிப் பாயிடம் கொடுத்தார்.

"இவகிட்ட குடுக்காத" என்றார்.

பாய் என்னைப் பார்க்காமல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். வண்டி கடையிலேயே நின்றது. நாங்கள் நடந்து வீட்டுக்கு வந்தோம். நான் நினைத்தது நடந்துவிட்டது, இனி அவர் ரோட்டில் விழ மாட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

அவருக்கு அது மறந்து போயிற்று. காலையில் எழுந்ததும் வண்டி எங்கே என்பார். பாய் கடையில் என்றால் நம்ப மாட்டார். நான் திருடி, நான் விற்றவள், என் அண்ணன்மாருக்குக் கொடுத்தவள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் ஜன்னலை மூடிக்கொள்வாள். வேறு வழியில்லாமல் செருப்பைப் போடச் சொல்லி அழைத்துப் போவேன். கடையில் வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் தெளியும். பெடலைக் கையால் அமுக்கிப் பார்ப்பார். பாய் ஒவ்வொரு தடவையும் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, முதல் தடவை சொல்வது மாதிரியே எல்லாவற்றையும் சொல்வார். இவரும் முதல் தடவை கேட்பது மாதிரியே கேட்டு, அதே மாதிரி உடைந்து, சாவியைத் திருப்பிக் கொடுப்பார். ஒரே துக்கச் செய்தியை ஒரு மனிதருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது பாய்க்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு அவர் மேல் பொறாமைதான் இருந்தது. இத்தனை வருடம் சோறு போட்டவள் திருடி. நேற்று வந்தவர் நம்பிக்கையானவர்.

பாயிடம் ஒரு நாள் அதைச் சொல்லியும் விட்டேன். "என்னிய அவருக்கு யாருன்னே தெரியலம்மா, அதான் நம்புறாரு. உங்களத் தெரியுது. அதான் சண்ட போடுறாரு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா, தெரியவில்லை.

போன வருடம் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். பாய் தன் மனைவியின் ஊரான பண்ருட்டிக்குக் கடையை மாற்றிக்கொண்டார். வண்டியை என்ன செய்வது என்று கேட்டார். கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அந்தச் சமயத்தில் இவர் சாவியைக் கேட்பதும் குறைந்திருந்தது. சத்தம் இல்லாத காலை நேரம் எனக்குப் பழகவில்லை. மிஷினை ஓட்டிக்கொண்டே, இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நானே, வண்டியைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டுப் பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

பலாப்பழ சீசன். பஸ் ஸ்டாண்டிலிருந்தே வாசனை. பாய் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, வாங்க சார் என்று இவர் கையைப் பிடித்தார். இவர் முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு வணக்கம் சொன்னார். பாய் வண்டியை வெளியே கொண்டுவந்து சீட்டைத் துடைத்து நிறுத்தினார். இவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க வண்டிய" என்றார் பாயிடம்.

பாய் சாவியை நீட்டினார். இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அடுத்தவங்க சாவி எனக்கு எதுக்குங்க" என்றார்.

பாய் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். டீ வாங்கி வருகிறேன் என்று போனவர் நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். யாராவது நல்ல ஆளாகப் பார்த்து வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். மகன் சொன்னபோது முடியாதது அன்றைக்குச் சுலபமாக வாயில் வந்தது. பாய் சரி என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது வடலூரில் பஸ் மாறினோம். இவருக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தவர் கொஞ்சநேரத்தில் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை.

"நீங்க எங்க எறங்கணும்மா?" என்றார்.

மந்தாரக்குப்பம் என்றேன். பஸ் இரைச்சலில் இரண்டாம் தடவைதான் அவர் காதில் விழுந்தது.

"நானும் அங்கதான்னு நெனைக்கிறேன். வந்தா சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அவர் நிம்மதியாகக் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டாப்பிங் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கூடவே இறங்கினார்.