பூட்டியிருந்த நாற்றுப் பண்ணை

பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவன் நான். இணையத்தில் ஒரு கடையைத் தேடினால் பெயர், படம், முகவரி, நேரம் எல்லாம் அடுக்கி ஒரு பெட்டி வருமே, அதை விளக்குவதில் எனக்கு அலாதிப் பெருமை. "யாரும் உக்காந்து எழுதறதில்ல. பல பேரு குடுத்த தகவலத் துண்டு துண்டா சேத்து, ஒன்னோட ஒன்னு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கும். கேட்டா எடுத்துக் காட்டும்" என்பேன். அந்தத் தகவலுக்காகப் போன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பாலக்கோடு பக்கம் அண்ணன் தக்காளி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். அதைத் தேடினால் வரும் பெட்டியில் அண்ணியின் படம் இருக்கும். நாற்று வளர்க்கும் குழித்தட்டை ஏந்திக்கொண்டு சிரிப்பார். நான் எடுத்து ஏற்றியதுதான்.

அண்ணி திடீரென்று இறந்துபோனார். கருமாதி முடியும்வரை பண்ணை பூட்டிக் கிடந்தது. ஒருநாள் கேட்டருகே நான் நின்றிருந்தபோது போன் கேட்டது: 'இந்த இடம் மூடப்பட்டுவிட்டதா?' பூட்டைப் பார்த்தேன். 'ஆம்' என்று அழுத்தினேன். பூட்டையும் படமெடுத்துப் போட்டேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு!

கருமாதிக்குப் பிறகு அண்ணன் விதை போட்டார். இருபத்தைந்து நாளில் நாற்று தயாராகிவிட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை. துக்க வீட்டுக்காரரிடம் நாமாக வியாபாரம் பேசக்கூடாது என்று வாடிக்கைக்காரர்கள் ஒதுங்கியிருந்தார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். புதியவர்கள் ஏன் வரவில்லை என்பதுதான் புரியவில்லை. நடும் பருவம் தாண்டி நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் அவ மொகத்துக்குத்தான்டா வந்தாங்க. இந்தத் தட்டோட மூடிடலாம்" என்றார் அண்ணன். எனக்கு அழுகை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியூர்க்காரர் ஒருவர் தக்காளி மண்டிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தினார். "நாத்து இருக்குதுங்களா? போன்ல நிரந்தரமா மூடியாச்சுன்னு செவப்பா போட்டிருக்குது. நிழல்வலைக்குள்ள பச்சையா தெரிஞ்சுது, அதான் கேக்கறேங்க."

எனக்குச் சுருக்கென்றது. அன்று அழுத்திய 'ஆம்' கண்முன் வந்தது. ஏரியூர்க்காரர் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனதும் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அன்னைக்கு நெசமாவே மூடித்தானே இருந்துச்சு. நீ பொய் சொல்லலியே" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தம் அனுப்பினேன். சரிபார்த்து மாற்ற மூன்று நாளானது. பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. முற்றிய நாற்றில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஆனாலும் அண்ணன் அடுத்த விதைக்குத் தட்டுகளைக் கழுவி வைத்தார்.

"படத்தையும் மாத்திடட்டுங்களாண்ணா? புதுசா ஒன்னு எடுக்கறேன்" என்றேன்.

"அத மட்டும் தொடாத."

இன்றும் யார் தேடினாலும் அண்ணிதான் சிரிக்கிறார். அவருக்குக் கீழே பச்சை எழுத்தில் இருக்கிறது: திறந்திருக்கிறது.