செம்மநத்தத்தின் இரண்டு நாள் மேட்ச்

ஜெர்மன்காரர்கள் நவம்பர் மாதத்திலேயே அடுத்த ஆண்டின் ஆகஸ்டு வெயிலைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். காஸல் நகரத்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், அந்த மாதம் ஓய்வறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுவார்கள். உர்லாப்ஸ்பிளான் என்று அதற்குப் பெயர். உர்லாப் என்றால் விடுமுறை. அடுத்த வருடம் எந்த வாரம் யாருக்கு லீவு என்பதை இப்போதே பென்சிலால் எழுதிவிட வேண்டும். டிசம்பரில் தலைமைச் செவிலி ஃபிராவ் லாங்கே அதன்மேல் பேனாவால் எழுதுவார். பேனா பட்டுவிட்டால் பிறகு தேதி மாறாது. மற்றவர்கள் பள்ளி விடுமுறையையும் கடற்கரை ஓட்டல்களையும் பார்த்து எழுதுவார்கள். நான் கைப்பேசியில் கிரிக்கெட் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவேன்.

அட்டவணை விஷயத்தில் நான் கறார் பேர்வழி. என் சமையலறையில் தொங்கும் காலண்டரில் டெஸ்ட் போட்டிகளுக்குச் சிவப்புக் கட்டம், ஐம்பது ஓவர் ஆட்டங்களுக்கு நீலக் கட்டம். இருபது ஓவருக்கு மை கிடையாது. பசிக்குத் தின்றுவிட்டு அப்போதே மறந்துபோகும் பண்டம் அது. அதற்கென்று ஒரு லீக் நடத்துகிறார்கள் பாருங்கள், கோடையில் இரண்டு மாதத்தை முழுசாக விழுங்குகிறது. அதற்கு இடம் விட வேண்டும் என்பதற்காக உலகத்தில் எந்த நாடும் எந்த நாட்டுக்கும் போக முடியாமல் ஒதுங்கி நிற்கிறது. எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் என் காலண்டரில் எல்லாவற்றையும்விடத் தடித்த கட்டம் எந்தக் கிரிக்கெட் வாரியத்தின் பட்டியலிலும் இல்லாதது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்ததும், ஏற்காட்டு மலையில் எங்கள் செம்மநத்தமும் பக்கத்து ஊர் மாரமங்கலமும் மோதும் இரண்டு நாள் மேட்ச். ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ், கார்க் பந்து. அதற்குத் துவக்க ஆட்டக்காரன் நான். ஏழு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன், இன்னும் நான்தான். பெரிய பட்டியலில் எது எங்கே வருகிறது என்று பார்த்து, திருவிழாவைப் பார்த்து, என் உர்லாபைப் பார்த்து, நவம்பரிலேயே தேதி குறித்து ஊருக்குச் சொல்பவனும் நானேதான்.

மே மாதம் குழந்தைகள் உள்ளவர்களுக்குத்தான் முன்னுரிமை என்றார் ஃபிராவ் லாங்கே. எனக்குக் குழந்தை இல்லை, மேட்ச் இருக்கிறது என்றேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். யார் ஜெயிப்பார்கள்?

"பெரும்பாலும் யாருமில்லை" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். யாரும் ஜெயிக்காத ஒன்றுக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் பறப்பானேன்? திருவிழாவுக்கு மறுநாள், மலை உச்சியில் குகைக் கோயில், வருடம் தவறாமல் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது. என் பெயருக்கு நேரே 'மதச் சடங்கு' என்று எழுதி லீவு கொடுத்தார். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. லீவு கிடைத்ததே போதும்.

எங்கள் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆட்டம் புரியும். மலையில் கிடைத்த ஒரே சமதளம் அது, அதுவும் அரைகுறைச் சமதளம். லெக் சைடில் நாற்பது அடி தாண்டினால் சரிவு, சரிவு முழுக்கக் காப்பிச் செடி. அதற்குள் பந்து போனால் அரை நாள் போச்சு. அதனால் எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு: காப்பிக்குள் தூக்கி அடித்தால் சிக்ஸர் இல்லை, அவுட். அடித்தவனே இறங்கிப் போய்ப் பந்தைத் தேடிக்கொண்டு வர வேண்டும். அவன் அட்டைக்கடியோடு ஏறி வரும்போது மாரமங்கலத்துக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். ஆகவே எங்கள் பக்கம் நல்ல ஆட்டக்காரன் என்றால் அடிக்காதவன். நான் ஒரு முறை காலையிலிருந்து சாப்பாட்டு வேளை வரை நின்று பதினேழு ரன் எடுத்தேன். அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காஸலிலும் விளையாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்துத் திடலின் ஓரத்தில் ஒரு பாயை விரித்து, ஆப்கன் பையன்களோடும் இந்திய மாணவர்களோடும். போன கோடையில் பக்கத்து வீட்டு அம்மாள் வேலியருகே வந்து கோபமாகப் பேசினார். சத்தத்தைப் பற்றித்தான் என்று மன்னிப்புக் கேட்டேன். அதுவல்ல. வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கும் அந்த வயதானவரை எல்லோரும் சேர்ந்து ஏன் இப்படிக் கையை நீட்டி மிரட்டுகிறீர்கள் என்று கேட்டார். அம்பயரிடம் அவுட் கேட்பதை நான் எந்த மொழியில் சொல்வது? அந்தத் திடலில் நான் எத்தனை ரன் எடுத்தாலும் பாயைச் சுருட்டியதும் யாருக்கும் நினைவிருக்காது. செம்மநத்தத்தில் பதினோரு பேரில் ஒருவன் என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் ஊர். வீட்டில் என் அறையில் இப்போது மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், ரேஷன் அட்டையில் பெயர் எடுத்தாயிற்று.

இந்த மே மாதம் போனேன். ஏற்காட்டில் இறங்கி ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போதே சுவரில் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். எட்டு அணிகள் மோதும் ஆறு ஓவர் போட்டி, ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாள். செம்மநத்தத்தில். கீழே பனியில் கோட்டு போட்டுச் சிரிக்கும் என் படம். 'சிறப்பு விருந்தினர்.'

வீட்டுக்குள் பையை வைப்பதற்கு முன்னாலேயே தம்பி குமாரைப் பிடித்துக்கொண்டேன். அவன்தான் இப்போது கேப்டன்.

"ரெண்டு நாள் மேட்ச் எங்கடா?"

"அதெல்லாம் யாருங்ணா ஆடறா? லீக் ஃபைனல் அந்த வாரந்தானுங். ஒருத்தனும் வர மாட்டேங்கறான். ரெண்டு நாள் வேலைய உட்டுப்போட்டு எவன் வருவான்?"

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே. நவம்பர்லயே தேதி சொன்னேனே."

அவன் குரல் ஏறியது. "நீங்க சொல்லுவீங்ணா. உங்க லீவுக்கு நாங்க எத்தன வருசம் ஆடறது? போன ரெண்டு வருசமும் நீங்க வரவே இல்ல. உங்க தேதியிலதான் ஆடுனோம், கொட்டற மழையில. உங்க எடத்தக் காலியா வெச்சுப்போட்டு பத்துப் பேரு ஆடுனோம், தெரியுமுங்களா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அன்று என்னிடம் இல்லை. "சரி, ஆறு ஓவர்ல என்னை எத்தனாவதா எறக்கறே?" என்றேன். அவன் அம்மா கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை சால்வை போட்டார்கள். மைக்கில் என் வேலையை டாக்டர் என்று சொன்னார்கள், திருத்தினேன், கேட்கவில்லை. டாஸ் போடச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டு நான் பிட்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், "மேட்ச் ஆரம்பிக்குதுங், கிரவுண்ட உட்டு வெளிய வந்துருங்க" என்று மைக் சொன்னது. பழைய சட்டத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். காப்பிக்குள் அடித்தால் இப்போது சிக்ஸர். இரண்டு பெட்டி பந்து வாங்கி வைத்திருந்தார்கள். யாரும் எதையும் தேடிக்கொண்டு இறங்கவில்லை.

மதியம் எங்கள் ஊரும் மாரமங்கலமும் மோதின. நாங்கள் ஃபீல்டிங். மூன்றாவது ஓவரில் எங்கள் பையன் ஒருவனுக்குப் பந்து பட்டுக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஆள் ஒன்று குறைகிறது. நான் சால்வையை மடித்து வைத்தேன். குமார் சுற்றிலும் பார்த்தான். அவன் பார்வை என்மேல் வந்தது, நின்றது, தாண்டிப் போனது. மைதானத்தை ஒட்டிய சாலையில் ஏற்காடு பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது.

"ஏனுங் கண்டக்டரண்ணா, மூணு ஓவர் நில்லுங்க. பஸ் கெளம்பறதுக்குள்ள முடிஞ்சுருமுங்."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். தோளிலிருந்த டிக்கெட் பையைக் கழற்றி, "சார், இதக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன்.

அம்பயராக நின்ற மாரமங்கலத்து வாத்தியார் நடந்து வந்தார். "தம்பி, சேரக் கொஞ்சம் பின்னால தள்ளிக்குங்க. ரெண்டு காலு கோட்டுக்கு உள்ள நிக்குது."

"நகர மாட்டேனுங்க."

அவர் திகைத்துக் குமாரைப் பார்த்தார். குமார் என் பக்கம் திரும்பவே இல்லை. "உடுங் வாத்தியாரே. அண்ணங்கிட்டப் போனாவே ஃபோருன்னு வெச்சுக்கலாம்" என்றான். மாரமங்கலத்துக் கேப்டனும் தலையாட்டினான். ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டு பந்து கழித்து ஒருவன் தரையோடு தட்டிவிட்டான். பந்து நேராக என்னிடம் வந்தது, பின்னாலேயே கண்டக்டர் ஓடி வந்தார். மடியிலிருந்த பை கீழே விழ நான் எழுந்து, முட்டி போட்டு, கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே இரண்டு கையாலும் பிடித்தேன். சுத்தமான பிடி. பந்து கோட்டையும் தொடவில்லை, நாற்காலியையும் தொடவில்லை. கீப்பரின் கைக்கே எறிந்தேன். வாத்தியார் என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கிவிட்டு, கையை இப்படியும் அப்படியும் வீசினார். மாரமங்கலத்துக்கு நாலு ரன்.