அபிநயா கத்தினாள்

போன சனிக்கிழமை மதியம் மூன்றரை மணி. துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். என்னைச் சுற்றி முந்நூறு பிள்ளைகளாவது இருக்கும். அத்தனை பேரும் கறுப்பு டீ-ஷர்ட். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நடுவில் நான் ஒருத்தி மட்டும் – மாம்பழக் கலர் காட்டன் புடவை, கையில் குடை, இரண்டு காதிலும் பஞ்சு.

ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா?

தேவைதான் என்று இப்போது சொல்கிறேன். நடந்ததைக் கேளுங்கள்... நீங்களும் அதையே சொல்வீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டுக்கு நான்தான் செக்ரட்டரி. பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட்டில் விளக்கு எரியவில்லை, யாரோ பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள் – எல்லாம் என் தலையில்தான் விடியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, தரைத்தளத்து வரதன் மாமா என்னை வாசலிலேயே மடக்கினார்.

"என்னம்மா செக்ரட்டரி, மூணாவது மாடில அந்தப் பொண்ணு அலர்றது உங்க காதுல விழறதோ இல்லையோ? நான் திருவாராதனம் பண்ண உக்காந்தா, மேலேர்ந்து 'ஆ...'ன்னு ஒரு சத்தம். பெருமாளே ஒரு க்ஷணம் திடுக்கிட்டுப் போயிருப்பார்! அதுவும் தலைலேர்ந்து கால் வரைக்கும் கறுப்பு. என்ன ஏதுன்னு கேட்டு வையுங்கோ."

கேட்டு வைக்கப் போனேன்.

மூன்றாவது மாடியில் இருப்பது தனபால் குடும்பம். தனபால், இரும்பை வெட்டி ஒட்டும் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, போன வருஷம் ரிட்டையர் ஆனவர். மனைவி விஜயா. ஒரே மகள் அபிநயா, கல்லூரியில் கடைசி வருஷம்.

கதவைத் திறந்தது அபிநயாதான். நெற்றியிலிருந்து சரிந்த முடி ஒரு கண்ணை முழுசாக மூடி, உதடு வரை தொங்கியது. மிச்சமிருந்த கண்ணில் அரை டப்பா மை. விரல் நகமெல்லாம் கறுப்பு. கையில் அடுக்கடுக்காகக் கறுப்பு ரப்பர் வளையல்கள். காலில் ஊற்றி வார்த்தது போல ஒரு பேன்ட்.

எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? காதல் தோல்வியா, அரியர்ஸா?

"சத்தம் கீழ வரைக்கும் கேக்குதா ஆன்ட்டி? ஐயோ, சாரி ஆன்ட்டி. தலகாணில வாய வெச்சுதான் கத்தினேன்" என்றாள். அவ்வளவு மெல்லிசான குரல். நான் ஒரு அடி முன்னால் போய்க் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. இந்தக் குரலா வரதன் மாமாவைத் திடுக்கிட வைத்தது?

உள்ளே கூப்பிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். "இதுக்குப் பேரு ஈமோ ஆன்ட்டி, மனசுல இருக்கறத கத்திப் பாடற ஒரு ராக் மியூசிக். நாங்க நாலு பேரு ஒரு பேண்ட் வெச்சிருக்கோம். தென்னூர்ல ரியாஸ் வீட்டு மாடில பிராக்டிஸ். அவன்தான் டிரம்ஸ்."

"எமோஷன்ங்கற வார்த்தைய பாதியா வெட்டிட்டீங்களாக்கும்?"

சிரித்தாள். "மீதிய கத்திடுவோம் ஆன்ட்டி."

கத்துவதிலும் முறை இருக்கிறதாம். தொண்டையிலிருந்து கத்தினால் ஒரே வாரத்தில் குரல் போய்விடும். அடிவயிற்றிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். வெந்நீர் குடிக்க வேண்டும், ஐஸ் கூடாது. எந்தச் சங்கீத வித்வானும் மறுக்க முடியாத விதிகள்!

இதெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது தனபால் ஹாலில்தான் இருந்தார். டி.வி.யில் செய்தி ஓடியது, சத்தம் இல்லாமல். கீழே ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, செக்ரட்டரி ஆன்ட்டி வந்திருக்காங்க" என்றாள், போனைப் பார்த்தபடியே.

அவர் திரும்பவில்லை.

அபிநயா தோளைக் குலுக்கினாள். "அவர் அப்படித்தான் ஆன்ட்டி. என் பக்கம் திரும்பவே மாட்டாரு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் அப்பா கட்சி. பெற்ற பெண் இப்படி வேஷம் போட்டால் எந்தத் தகப்பனுக்குத்தான் பேசப் பிடிக்கும்? ஈமோ பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான் – வெளிநாட்டுப் பிள்ளைகள் எப்போதோ சலித்துத் தூக்கிப் போட்டது, செல்போன் வழியாகச் சுற்றிச் சுற்றி காவிரிக் கரைக்கு வந்திருக்கிறது. வேளாவேளைக்குச் சோறு, ஏ.சி. ரூம், அப்புறம் என்ன சோகம் என்று என் வீட்டுக்காரரிடம் அலுத்துக்கொண்டேன்.

கறுப்பு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குழப்பம். கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊர் பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்பில்தான் போகிறார்கள். சாமி சரணம் என்று வழிவிடுகிறோம். கறுப்புச் சட்டைக்குத் திருச்சியில் வேறொரு நீண்ட வரலாறும் உண்டு, அதையும் பார்த்துப் பழகிவிட்டோம். ஆக, நிறத்தின் மேல் நமக்குக் கோபம் இல்லை. அதைப் போட்டிருப்பது இருபது வயதுப் பெண் என்பதுதான் உறுத்துகிறதோ?

போன வாரம் விஜயா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முட்டி வலியோடு நொண்டிக்கொண்டு வந்தவர், உட்கார்ந்ததும் அழுதுவிட்டார்.

"அக்கா, அவளுக்கு பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. ஜூன்ல போறா. போனா இந்த வீட்டுக்கே வரமாட்டேங்கறா. 'அப்பாவுக்கு என்னைப் பிடிக்கல, நான் எதுக்கு வரணும்'னு கேக்கறா. சனிக்கிழமை அவ காலேஜ்ல பாட்டுப் போட்டி. அப்பா பேரு எழுதி பாஸ மேசை மேல வெச்சா. இவரு எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு, ஒரு வார்த்த பேசல. என்னால அவ்வளவு தூரம் முடியாது. நீங்க கூட்டிட்டுப் போங்கக்கா."

சனிக்கிழமை நான் மாடி ஏறுவதற்குள் தனபால் லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. "போலாங்க மேடம்" என்றார். இவ்வளவு தயாராக இருக்கிறவரா பேசாமலே இருந்தார்?

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் துவாக்குடி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"எத்தனை வருஷ சர்வீஸ் சார்?"

"ஆமாங்க" என்றார்.

"பொண்ணு வேலைக்குப் போறாளாமே, எந்த கம்பெனி?"

"ஆமாங்க, ஆமாங்க."

திமிர் பிடித்த மனுஷன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மைதானத்தில் ஒரு ஷாமியானா, ஒரு மேடை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். எங்களைப் பார்த்ததும் ஒரு பையன் ஓடி வந்து சேர் போட்டான். மூக்கில் வளையம். "பாட்டிமா... சாரி, மேடம், சத்தம் ஜாஸ்தியா இருக்கும்" என்று பஞ்சு கொடுத்தான். பாட்டிமாவை மன்னித்தேன்.

முதல் இரண்டு குழுக்கள் பாடியபோது நான் மேடையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்துபோன நண்பனைப் பற்றி ஒரு பாட்டு. பாடுகிற பையன் பாதியில் அழுதுவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. விசில் அடிக்கவில்லை. கூட்டமே சேர்ந்து அவன் விட்ட வரியை எடுத்துப் பாடியது. என் முன்னால் நின்ற இரண்டு பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து அழுதார்கள். கண் மை வழிந்து கன்னமெல்லாம் கறுப்பு. பட்டப்பகலில், திருச்சியில், மீசை முளைத்த பையன்கள்!

என் அண்ணன் அப்பா போன அன்றுகூட அழவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான். அது நினைவுக்கு வந்தது.

அப்புறம் அபிநயா வந்தாள். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் அவள் முகம், சுவர் அளவுக்கு. மைக்கைப் பிடித்து, அதே மெல்லிசுக் குரலில் ஆரம்பித்தாள்.

*பன்னெண்டு வயசுல கூப்பிட்டேன், நீ திரும்பல.*
*பரீட்சைப் பேப்பர் காட்டினேன், நீ திரும்பல.*

வீட்டில் 'நீங்க' என்று அழைக்கிற பெண். பாட்டில் 'நீ'. எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். தனபால் சும்மா உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

ரியாஸின் டிரம்ஸ் இடித்தது. அபிநயா தலையை ஒரு உலுக்கு உலுக்கினாள். முடி விலகி இரண்டு கண்ணும் தெரிந்தன. கத்தினாள்.

"அப்பா! இங்க பாரு!"

எப்படிச் சொல்வேன் அதை? கூச்சல் என்று சொல்ல முடியாது. அடித்தொண்டையும் அடிவயிறும் சேர்ந்து உறுமுகிற ஒரு குரல். அந்த ஒல்லி உடம்புக்குள் அது எங்கே இருந்தது? பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். இதைக் காதை அடைத்துக்கொண்டு கேட்பது பாவம் என்று தோன்றியது.

"அப்பா! இங்க பாரு! அப்பா! இங்க பாரு!"

தனபால் எழுந்துவிட்டார். மேடையை நோக்கி விறுவிறுவென்று நடக்கிறார். போச்சு, எல்லார் முன்னாலும் பெண்ணை இறக்கி அடிக்கப்போகிறார் என்று நான் பின்னாலேயே ஓடினேன். கறுப்பு டீ-ஷர்ட்டுகள் அந்த வெள்ளைச் சட்டைக்கு ஒதுங்கி வழிவிட்டன.

அவர் மேடை ஏறவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகுகிற இடம் அது. பெட்டி மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். திரையில் மகளின் முகத்தையே பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. 'அப்பா... இங்க பாரு...' என்று அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவே இல்லை.

அபிநயா பார்த்துவிட்டாள். ஒரு வரி தவறியது. ரியாஸ் விடாமல் அடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை பாடி முடித்தாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அங்கேதான் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"பாப்பா" என்றார் தனபால். "எனக்குக் காது கேக்கலம்மா."

"என்னப்பா?"

"எட்டு வருஷமாவே அப்படித்தான். பட்டறைல நாள் பூரா கிரைண்டிங் சத்தம். ஆம்பளக் குரல் கேக்கும். உங்கம்மா சத்தமா பேசுவா, அது கேக்கும். உன் குரல் மெல்லிசா... அதுதான் மொதல்ல போச்சு. நீ பேசறது தெரியும். என்ன பேசறேன்னு தெரியாது. நீ முடிய வேற முன்னால விட்டுக்குவியா... வாயசைவும் தெரியாது."

"எட்டு வருஷமா? ஏம்ப்பா சொல்லல?"

"கம்பெனில தெரிஞ்சா மெஷின் பக்கம் விட மாட்டாங்க, வேற வேலைக்கு மாத்திடுவாங்கன்னு பயம். அப்புறம்... செவிடன்னு சொல்லிக்க வெக்கம்."

நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டது ஞாபகம் வந்து எனக்கு முகம் சுட்டது.

அபிநயா உடனே கட்டிக்கொண்டு அழுவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. கோபம் வந்தது அவளுக்கு. நியாயமான கோபம்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன்ப்பா! இத்தன வருஷமா! பைத்தியக்காரி மாதிரி!" என்று கத்தினாள், மைக் இல்லாமல்.

"கேக்குதும்மா" என்றார் அவர். "நல்லா கேக்குது. இன்னும் திட்டு."

அவள் சிரிப்பும் அழுகையுமாகக் கீழே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தப் பாட்டே பொய்யாயிடுச்சுல்லப்பா. இனிமே அத எப்படிப் பாடறது?" என்றாள்.

தனபால் குனிந்து அவள் உதட்டையே பார்த்து, புரிந்துகொண்டு, தலையை ஆட்டினார். "பொய் இல்லம்மா. நீ கூப்பிட்ட. நான் திரும்பல. அது நெசம்தானே?"

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்கத் தைரியம் இல்லை.

போட்டியில் அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவும் பெண்ணும் ஒரே சீட். முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒருத்தர் எட்டு வருஷமாகத் தன் வலியை யாருக்கும் சொல்லவில்லை. அவரை நாம் கண்ணியமான மனிதர் என்போம். இன்னொருத்தி மேடை ஏறி ஊருக்கே சொன்னாள். அவளுக்கு என்ன வியாதி என்று கேட்டோம். நானே கேட்டேன்.

மை, முடி, கறுப்பு நகம் – இதெல்லாம் இப்போது எனக்குப் பிடிக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால், உள்ளே இருப்பதை இப்படி வாய்விட்டுச் சொல்லவும், சொல்கிறவனோடு சேர்ந்து பாடவும் ஒரு கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறதே! நான் மலைத்துத்தான் போயிருக்கிறேன். நம் தலைமுறைக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை தில்லைநகரில் காது டெஸ்ட். அபிநயாதான் கூட்டிப் போனாள். டிரையலுக்கு என்று கொடுத்த ஹியரிங் எய்டோடு நேற்று வீட்டுக்கு வந்திருக்கிறார் தனபால். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். சமையல் கட்டில் விஜயா வழக்கம் போலத் தனக்குத்தானே முணுமுணுத்திருக்கிறார் – "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷனுக்கு ஒரு துரும்ப நகர்த்தத் தெரியாது."

ஹாலிலிருந்து பதில் வந்ததாம்: "எந்தத் துரும்ப நகர்த்தணும்? சொல்லு."

விஜயா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அந்த அம்மாவின் எட்டு வருஷச் சுதந்திரத்துக்கு இப்போதுதான் ஒரு ஆபத்து வந்திருக்கிறது!