குளத்துப் புழுக்களின் அப்புக்காத்து

சாவகச்சேரிச் சந்தையில் விரால் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை எங்களை விட்டுட்டுப் போட்டார். கெதியா வாங்கோ" என்றாள். கையிலிருந்த விரால் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அந்தக் கணத்தில் தென்மராட்சியின் நத்தைகள் அனைத்தும் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டன என்று நான் சத்தியம் செய்வேன். கண்ணால் காணவில்லை. ஆனாலும் செய்வேன்.

பரஞ்சோதி என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான். ஊருக்கு ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். எங்கள் ஊர்க் குளத்துப் புழுக்களுக்கோ அவர் அப்புக்காத்து. கறுப்புக் கோட்டுப் போடாமல் ஆயுள் முழுக்க அவற்றுக்காக வாதாடியவர். குளத்தடியில் அவரைக் கண்டதும், புழுப் பாடம் தொடங்குமுன் மறுபக்கத்தால் நழுவியவர்கள்தான் இதை வாசிக்கும் ஊராராகிய நீங்கள் எல்லாரும். நானும் நழுவியிருக்கிறேன். பிடிபட்டும் இருக்கிறேன்.

பிடிபட்ட ஒரு காலையில் யன்னலோரத்துக் கண்ணாடிக் குவளையைக் காட்டினார். தண்ணீருக்குள் ஒரு நத்தை. வெயில் குவளையைத் தொட்டதும் நத்தையிலிருந்து மெல்லிய புகைபோல ஏதோ கிளம்பியது. உற்றுப் பார்த்தால் புகையின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வால். அவை வெளிச்சத்தில் ஏறின, தயங்கின, இறங்கின, மறுபடி ஏறின. அறை முழுதும் தண்ணீரால் நிறைந்து, நாங்கள் இருவரும் அதன் அடியில் இருப்பதுபோல இருந்தது.

"உந்தப் புழு மீனைத் தேடுது" என்றார். "மீனின்ரை கண்ணுக்குள்ளை போய்க் குந்தும். அந்த மீனைக் கொக்கு விழுங்கினால்தான் உதுக்கு வாழ்வு. கொக்கின்ரை குடலிலை முட்டையிட்டு, எச்சத்தோடை குளத்துக்கு வந்து, திரும்பவும் நத்தை."

"எங்கடை பெடியள் கனடா போற மாதிரிக் கிடக்கு, மச்சான். இடையிலை ரெண்டு நாட்டிலை இறங்கி ஏறி."

"ஓம். ஆனால் உதை அனுப்ப ஆரும் காணி விக்கேல்லை, கண்டீரோ!"

இன்னொரு மத்தியானம் குளத்துப் படியில் இருந்தோம். சின்ன மீனொன்று மேல்தண்ணீரில் அசையாமல் நின்றது. கண்ணில் பால் படிந்ததுபோல் வெண்மை. எங்கள் நிழல் விழுந்ததும் மற்றவை ஓடின, அது ஓடவில்லை. வானம் தண்ணீருக்குள் கிடந்ததால் மீன் மேகத்தில் படுத்திருப்பதாகவே எனக்குத் தெரிந்தது.

"உதுக்குப் பயமில்லையோ?"

"கனவிலை நிக்குது. ஆனால் அந்தக் கனவைக் காணுறது மீன் இல்லை, உள்ளை இருக்கிற புழு."

கொக்கு வந்து இறங்கியது. நான் கலைக்கக் கை தூக்கினேன். "இரும். ஒரு பயணம் முடியப் போகுது" என்றார்.

அந்தக் குளத்தைத்தான் ஒருமுறை கொல்லப் பார்த்தோம். குளித்த பிள்ளைகளின் உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, தாங்க முடியாத கடியும் சொறிச்சலும். கோயில் சபைத் தலைவர் வெங்காயச் செய்கைக்காரர். பயிரில் எதைக் கண்டாலும் மருந்தடித்துப் பழகிய கை. "குளத்துக்கும் மருந்தை ஊத்தி விடுவம்" என்றார். கோயில் மண்டபத்தில் கூடியிருந்த ஊர் முழுதும் தலையாட்டியது. என் தலை எல்லாருக்கும் முன்னதாகவே ஆடியது.

மச்சான் எழுந்தார். "இண்டைக்குக் குளத்திலை ஊத்துறதை நாளைக்கு உங்கடை கிணத்திலை அள்ளுவியள். கடிக்கிறது வேறை புழு. தாராவின்ரை தோலைத் தேடித் திரியுது. மனிசனைத் தாரா எண்டு நினைச்சுப் பூருது. பூந்தாப் பிறகு வழி தெரியாமல் அங்கையே சாகுது. எங்களுக்குச் சொறிச்சல், அதுக்குச் சாவு. ஆருக்கு நட்டம்?"

"அப்ப தாரா ஆற்றை?" என்று யாரோ கேட்டார்.

குளத்தில் நீந்திய வாத்துகள் எல்லாம் தலைவருடைய தாராக்கள். சபை கூரையைப் பார்த்தது. மச்சானும் கூரையைப் பார்த்தபடியே, "தாராக்களைப் பட்டியிலை அடையுங்கோ. வெயிலேற முதல் குளியுங்கோ. கரையேறின கையோடை துவாயாலை நல்லா உரஞ்சித் துடையுங்கோ" என்றார். தலைவர் முகம் கறுத்தாலும் தாராக்கள் பட்டிக்குப் போயின. மெல்ல மெல்லக் கடியும் குறைந்தது.

இப்போது மச்சானின் செத்த வீட்டுக்கு வருகிறேன். சுடலையால் திரும்பி மத்தியான வெயிலில் எல்லாரும் குளத்தில் முழுகினோம். பட்டிக் கதவு உடைந்து தாராக்கள் பழையபடி குளத்தில் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. பின்னேரம் செத்த வீடே சொறிந்தது. தலைவர் இரண்டு கையாலும் சொறிந்தபடி, "தடுக்கிற மனிசனும் போட்டார். நாளைக்கு ஊத்துவம்" என்றார்.

மறுநாள் அவர் மருந்துக் கானோடு வந்தபோது நான் கழுத்தளவு தண்ணீரில் இருந்தேன். முதலைகளும் என்னைக் கண்டு ஒதுங்கியிருக்கும். குளத்தில் முதலை இல்லாதது அவற்றின் அதிர்ஷ்டம்.

"எழும்பி வாரும், மருந்து ஊத்தவேணும்."

"ஊத்துங்கோ. அடுத்த செத்த வீட்டுக்கும் பந்தல் அப்பிடியே நிக்குது."

"உமக்குப் புழுவைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. கடிக்குது எண்டது மட்டும் தெரியும். கதைக்கத் தெரிஞ்ச மனிசன் போட்டார், அதுதான் இதுக்குள்ளை இருக்கிறன்."

தலைவர் கானைக் கீழே வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தாராக்களைக் கூப்பிடத் தொடங்கினார்.

மச்சானின் அறிவில் ஒரு துளியும் என் மண்டைக்குள் தங்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வேலை மட்டும். தலைவர் வீட்டுப் பட்டிக் கதவுக்கு நானே புதுக் கொளுக்கி அடித்துக் கொடுத்தேன். தினமும் வெயிலேறுமுன் போய், அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.