மேட்டில் மட்டும் கேட்கும் வானொலி

அமெரிக்காவின் ஒஹையோ மலைச்சரிவுகளில் பால் லாரி ஓட்டும் டெல்மர் கிராட்ஸுக்கு இருபத்திரண்டு வருடமாக ஏ.எம். விளையாட்டு வானொலிதான் வழித்துணை. தோற்ற அணியைத் திட்டுவதற்கென்றே தினமும் நிலையத்துக்குப் போன் போடுவார். போன மாதம் அது எஃப்.எம்.முக்கு மாறியது. ஒலி கண்ணாடி மாதிரி இருக்குமென்று நிலையத்தார் பீற்றிக்கொண்டார்கள். ஆனால் எஃப்.எம். அலையை மலை மறைத்துவிட, பண்ணைகள் இருக்கும் பள்ளத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

திங்கட்கிழமை பால் ஏற்றிக்கொண்டு கல்லறை மேட்டில் ஏறியபோது திடீரென்று குரல் தெளிந்தது. நிலைய மேலாளர் வேட் பேசிக்கொண்டிருந்தான்.

"கேக்காதவங்க போன் பண்ணுங்கன்னு ஒரு வாரமா நம்ம நிகழ்ச்சியிலயே சொல்றோம். ஒருத்தர்கூடப் பண்ணல!"

கேட்காதவனுக்கு அந்த அறிவிப்பு மட்டும் எப்படிக் கேட்கும்? இந்த மண்டைக்குத்தான் மேலாளர் நாற்காலி! டெல்மர் லாரியை ஓரங்கட்டிப் போன் போட்டார்.

"யோவ், எங்க பக்கம் ஒரு பண்ணையிலயும் கேக்கல."

"இப்ப நான் பேசினது கேட்டுச்சா, டெல்மர்?"

"கேட்டுச்சு. ஆனா நான் மேட்டு மேல..."

"பாருங்க நேயர்களே, பால் லாரிக்காரருக்கே கேக்குதாம்!" வேட் இணைப்பைத் துண்டித்தான்.

டெல்மர் சரிவில் இறங்கினார். முதல் வளைவிலேயே வேட்டின் குரல் இரைச்சலில் மூழ்கியது. இரைச்சலாவது பொய் சொல்லாது என்று ஒலியைக் கூட்டி வைத்தார்.