மழைக்காரியின் அப்பா

என் அக்கா கணவருக்குப் படங்களுக்குச் சட்டம் போடுவது தொழில். கடையிலும் சட்டம், வீட்டிலும் சட்டம் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். முகத்துக்கு நேரே சிரிக்கிற தைரியம் அவர் மகளுக்கு மட்டும்தான் இருந்தது.

பழைய காலத்துச் சிற்றோவியங்களின் அச்சுப் பிரதிகளை வாங்கி, கண்ணாடியும் சட்டமும் போட்டு விற்பார். எல்லாம் காதல் நாயகிகள். எல்லாருக்கும் பக்கவாட்டு முகம், நீண்ட ஒற்றைக் கண். அத்தான் அவர்களுக்குப் பெயரே வைத்திருந்தார். படுக்கையை விரித்துவிட்டு வாசலையே பார்ப்பவள் காத்திருப்புக்காரி. தலைவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவள் கோபக்காரி. இருட்டில், கொட்டும் மழையில், வீட்டுக்குத் தெரியாமல் காதலனைத் தேடிப் போகிறவள் மழைக்காரி. அதிகம் விற்றது அவள்தான்.

விற்க வைத்தது அத்தானின் வாய். "பாருங்க சார், காலடியில பாம்பு. தலைக்கு மேல மின்னல். கொலுசு கழண்டு விழுந்திருக்கு, குனிஞ்சு எடுக்கக்கூட நிக்கல. மனசுன்னா இதுல்ல சார் மனசு!" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மகள் இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தாள்.

கடைக்குக் கண்ணாடி ஏற்றி வரும் வேன் டிரைவரோடு அவள் போய்விட்டாள். மழையும் இல்லை, பாம்பும் இல்லை, பட்டப்பகல். போனில் கூப்பிட்டு, "நீங்க தினமும் சொல்றதைத்தானேப்பா செஞ்சேன்" என்றாளாம்.

"படத்துல இருக்கறவளுக்கு அப்பன் கிடையாதுடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகும் மழைக்காரியை அதே வாயால் விற்றுக்கொண்டுதான் இருந்தார். ஊருக்குத்தான் உபதேசம். அவ்வப்போது கடைக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மகளுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கடைக்கு ஓடினேன்.

"அத்தான், உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. ஒரு எட்டு வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க."

பசை தடவுகிற கை நிற்கவில்லை. "போனவ அவ. அவளே வாசல்ல வந்து நிக்கட்டும், பார்க்கறேன்."

"எழுந்து நிக்கவே முடியல அவளால."

"நல்லாகி வரட்டும் மச்சான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் நல்லாகவில்லை. அடக்கத்துக்கு நானும் அக்காவும் போனோம். அவர் அன்றைக்கும் கடையைத் திறந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அந்த டிரைவர் பையன் கடைக்கு வந்தான். தாடியும் மீசையுமாக, ஆள் பாதியாகியிருந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான். "வீட்டுலேருந்து வரும்போது அவ எடுத்துட்டு வந்தது மாமா. சட்டம் போட்டுக் கொடுங்க."

யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்தது. அவள் பக்கவாட்டில் திரும்பி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். பார்க்கப்படுகிற ஆள் படத்தில் இல்லை, ஓரத்தில் ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. அத்தான் அளந்து பார்த்து, வழக்கம்போல ஓரத்தைச் சீவக் கத்தியை எடுத்தார்.

"வெட்டிடாதீங்க மாமா. நானும் ஒருதடவை வெட்டப் பார்த்தேன், அவ விடல. எங்கப்பா கை அதுன்னா."

அப்போதுதான் நானும் கவனித்தேன். சுத்தியல் பட்டு நசுங்கிய கட்டைவிரல், நகம் கறுத்திருந்தது. அதே விரல்தான் இப்போது கத்தியின் மேல் இருந்தது. அத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கடை என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை. ஆனால் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஓரத்தைத் தொடாமல், கை முழுசாகத் தெரிகிற மாதிரி பெரிய சட்டமாகப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஒருவர் மழைக்காரியைக் காட்டி விசாரித்தார். அத்தான் படத்தை இறக்கித் துடைத்தார். "பாருங்க சார், காலடியில பாம்பு..." என்று பழக்கத்தில் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். படத்தில் அவளுக்குப் பின்னால், அவள் விட்டுவந்த வீடு இருக்கவேண்டிய இருட்டில் விரலை வைத்தார்.

"இவளோட அப்பன் இங்க வாசல்ல நின்னிருக்கணும் சார்" என்றார். "வரையாம விட்டுட்டாங்க."