வெள்ளை என்றால் என்ன நிறம்

கறை பார்ப்பதுதான் என் வேலை. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். வெளுத்து வந்த காஸ் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் புள்ளி, மஞ்சள் நூல், துருப்பட்ட இடம் எது கண்ணில் பட்டாலும் கத்தரித்து ரிஜெக்ட் கூடையில் போட வேண்டும். புண்ணின் மேல் வைக்கிற துணி அது. ஒன்பது வருஷத்தில் நான் பார்த்து அனுப்பிய துணி கறை இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்ட நான்தான் என் உடம்பிலிருந்து வந்த மஞ்சளை இரண்டு வாரம் வெள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கீழே எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர். பால் மாதிரி வந்தாலும் வெள்ளை. தயிர் திரிந்தது மாதிரி வந்து அரித்தாலும் வெள்ளை. பச்சையாக வந்து நாறினாலும் வெள்ளை. ரத்தத்துக்கு மட்டும்தான் வேறு பெயர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். சொல்கிறவளுக்கும் வசதி, கேட்கிறவளுக்கும் வசதி.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்குப் பிள்ளை தங்கியது. ஆறு வருஷமும் புகுந்த ஊரான வன்னியம்பட்டியில் என்ன பேச்சு கேட்டேன் என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

ஐந்தாம் மாதச் செக்கப்புக்கு மாமியாரும் கூட வந்தார். வேறு தொந்தரவு இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். வெள்ளை படுகிறது என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"பால் மாதிரி, நாத்தமில்லாம வருதுன்னா பயப்படாத. மாசம் ஏற ஏறக் கூடத்தான் செய்யும். மஞ்சளா பச்சையா மாறுச்சுன்னா, நாத்தம் அடிச்சா, அரிச்சா, ஒண்ணுக்குப் போகையில எரிஞ்சா வந்து காட்டு. ரத்தம் பட்டாலோ, தண்ணி மாதிரி ஒழுகினாலோ, அடிவயிறு வலிச்சு காய்ச்சல் அடிச்சாலோ அன்னைக்கே வரணும். மறுநாள்னு தள்ளக் கூடாது. நீயா மருந்து வாங்கி வைக்காத, சோப்புப் போட்டு உள்ள கழுவாத. இப்ப நாத்தம் எதும் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்: "அய்ய, அதெல்லாம் இல்லம்மா. எங்க வீட்டுப் பிள்ளைக சுத்தபத்தமா இருக்கிறவுக."

அன்றைக்கு உண்மையிலேயே நாற்றம் இல்லை. ஆனால் நாற்றம் இருக்கிறது என்று சொன்னால் நான் சுத்தமில்லாதவள் என்று ஆகும் என்பது எனக்கு அந்த இடத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. நர்ஸ் சொன்ன மற்றதெல்லாம் காதில் விழுந்தது, அப்போது உறைக்கவில்லை. அவள்மேல் எனக்குக் குறை கிடையாது. அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் நிறம் மாறியது. கம்பெனியில் நாங்கள் எல்லோரும் ரிஜெக்ட் கூடையிலிருந்து காஸ் துண்டை எடுத்து எட்டாக மடித்து வைத்துக்கொள்வோம். கடையில் விற்பதைவிட மெத்தென்று இருக்கும். கக்கூஸில் நின்று அதை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். ஓரத்தில் லேசாகப் பச்சை. நாற்றமும் இருந்தது. கம்பெனித் துணியில் அந்த நிறத்தில் கடுகளவு இருந்தாலும் நான் விடமாட்டேன். இதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு டேபிளுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "அத்தை, வெள்ளை ரொம்பப் படுது" என்றேன். மஞ்சள் என்று வாயில் வரவில்லை.

"ஏட்டி, இதையெல்லாமா ஊருக்குச் சொல்லுவாக? பிள்ளை உண்டானா படத்தான் செய்யும். உனக்குச் சூட்டு உடம்பு. வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி."

"நர்ஸம்மா வரச் சொன்னாகல்ல?"

"வளைகாப்பு முடியட்டும். இப்பப் போனா அங்கனயே படுக்கப் போட்டுருவாக. பொறவு யாருக்கு வளையல் போடுறது, எனக்கா?"

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவரிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். "அம்மாட்ட சொல்லிட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கடமை அதோடு முடிந்தது.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை டேபிளில் நிற்கும்போதே உள்பாவாடை நனைந்தது. சிறுநீரை அடக்க முடியவில்லை என்று நினைத்தேன். எதிர் டேபிள் அக்காவிடம் சொன்னேன்.

"அய்யனார் கோவில் அருவியே இங்கன வந்துருச்சோ?" என்று அவள் கத்தினாள். மொத்த செக்‌ஷனும் சிரித்தது. "பிள்ளை மூத்திரப்பை மேல ஏறி உக்காந்திருக்கும்டி. எனக்கு மூணுக்கும் இதே கூத்துதான்."

நானும் சிரித்தேன். துணியை மாற்றி இன்னும் ரெண்டு மடிப்புக் கூட வைத்துக்கொண்டேன். புண்ணின் நீரை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி அது. எவ்வளவு குடித்தாலும் மேலே காட்டாது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று எனக்கே தெரியாமல் அது குடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கை நிறைய வளையல் போட்டார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். பூசிய ஒரு பெண், "உடம்பு சுடுதே" என்றாள். "கூட்டம், புழுக்கம்" என்று மாமியார் பதில் சொன்னார். திங்கள் காலையில் பல் கிட்டிக் குளிர் எடுத்தது. பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிளம்பியது.

டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை நாளா தண்ணி போகுது?"

"தண்ணி இல்லைங்க, வெள்ளை."

"எந்த நிறம்?"

"மஞ்சள். கொஞ்சம் பச்சை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப ஏம்மா வெள்ளைங்கிற?"

 

கிருமி பிடித்துப் பனிக்குடம் உடைந்திருக்கிறது, நாலு நாளாக நீர் போயிருக்கிறது, பிள்ளைக்கும் கிருமி ஏறியிருக்கும் என்றார். நிறம் மாறிய அன்றைக்கே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், தண்ணி போன அன்றைக்கே வந்திருந்தாலும் ஏதாவது செய்திருக்கலாம், நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செய்திருக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே பிறந்தாள். பெண் பிள்ளை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் வைத்தார்கள். குழாய் நகராமல் இருக்க அடியில் ஒரு துண்டு காஸ் மடித்து வைத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் அதைத்தான் முதலில் பார்த்தேன். கறை இல்லை. மூன்றாம் நாள் காலையில் மூச்சு நின்றது, குழாயை எடுத்துவிட்டார்கள்.

என் உடம்புச் சூட்டைப் பிள்ளை தாங்கவில்லை என்று மாமியார் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறார். முதலில் சண்டை போட்டேன். கிருமி என்றேன், பனிக்குடம் என்றேன். "நீயும் வெள்ளைன்னுதானட்டி சொன்ன?" என்று ஒரே ஒரு நாள் திருப்பிக் கேட்டார். அதோடு சண்டையை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. திரும்ப அதே டேபிள், அதே லைட். இப்போது பக்கத்து டேபிளில் ஒரு பிள்ளை நிற்கிறாள். தலைப்பிரசவம், ஏழு மாதம். ஒரு நாள் கையைக் கழுவும்போது, "ஒரே வெள்ளையா படுதுக்கா, அருவருப்பா இருக்கு" என்றாள்.

"என்ன நிறம்?"

"வெள்ளைன்னா வெள்ளைதான? இதென்ன கேள்வி?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நர்ஸ் எனக்குச் சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார், என்ன நிறமோ அந்த நிறத்தை வாயால் சொல், நாற்றம் இருந்தால் நாற்றம் என்று சொல், அசிங்கம் என்று நினைக்காதே என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது.

எதிர் டேபிள் அக்கா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, பறிகொடுத்தவ வாயில எதுக்கு விழுற? நீ இங்கன வா." அருவி என்று சிரித்த அதே அக்காதான். மறுநாள் அந்தப் பிள்ளையை மூன்று டேபிள் தள்ளி நிற்க வைத்தார்கள்.

என் கண் சும்மா இருக்காது. அவள் பக்கத்து ரிஜெக்ட் கூடையில் துண்டுகள் குறைகின்றன. முன்பு காலையில் ஒன்று எடுப்பாள். இந்த வாரம் அவள் நாலு, ஐந்து என்று மடித்து எடுத்துப் போவதைப் பார்த்தேன். இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"தண்ணி மாதிரி வருதா?"

அவள் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம்."

"இன்னைக்கே போ. இப்பவே லீவு சொல்லு. பஸ்ல நானும் கூட வாரேன்."

"வளைகாப்பு முடியட்டும்க்கா. போறேன்."

"வளைகாப்பு என்னைக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எதிர் டேபிள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.